சீக்கிரம் ஓய்வு பெற்ற என்எஃப்எல் நட்சத்திரங்களும் ஹால் ஆஃப் ஃபேமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது உதைக்கும் கால்பந்தைப் பற்றியது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் மாட்டி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றியது. அமெரிக்காவில் குடியேறி, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவன் என்பதால் என் கருத்துகளும் நடுவில் வரும்.

ஹால் ஆஃப் ஃபேம் என்பது என்ன? எங்கே இருக்கிறது?

இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் அருங்காட்சியகம் அது. ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் இருக்கிறது. 1920 செப்டம்பரில் அந்த ஊரின் கார் விற்பனைக் கடை ஒன்றில் சில அணிகளின் பொறுப்பாளர்கள் கூடிப் பேசி ஆரம்பித்த லீக்தான் பிறகு என்எஃப்எல் (நேஷனல் ஃபுட்பால் லீக்) ஆனது. அதனால்தான் நியூயார்க், சிகாகோ எல்லாவற்றையும் விட்டு இந்தச் சின்ன ஊருக்கு அந்தப் பெருமை. 1963-ல் திறந்தபோது 17 பேரை முதலில் சேர்த்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மொத்த எண்ணிக்கை 400-ஐத் தொடவில்லை.

தேர்வாகிறவருக்கு ஒரு தங்க நிற கோட்டு, ஒரு மோதிரம், அப்புறம் மார்பளவு வெண்கலச் சிலை. சிலைகள் இருக்கும் கூடம் அரையிருட்டாக இருக்கும். எந்த ஆண்டில் சேர்ந்தார்களோ அந்த வரிசையில் முகங்கள் அடுத்தடுத்து நிற்கும். 20 ஆண்டு ஆடியவரும் 7 ஆண்டு ஆடியவரும் ஒரே அளவு, ஒரே வெளிச்சம். அங்கே யாருக்கும் பெரிய சிலை சின்னச் சிலை கிடையாது.

குறைந்தது இத்தனை ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும் என்று விதி உண்டா?

இல்லை. நிறையப் பேர் தப்பாக நினைத்திருப்பது இதைத்தான். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 10 பருவம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஃபுட்பாலில் அப்படி எதுவும் இல்லை. இங்கே ஒரே ஒரு காத்திருப்புதான்: கடைசியாக ஆடிய பருவத்துக்குப் பிறகு 5 பருவங்கள் கழிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வாக்களிப்பவர்கள் களத்தில் நடந்ததை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எதற்காக விலகினார், யாரிடம் கோபித்துக்கொண்டார் என்பதெல்லாம் விதிப்படி கணக்கில் வராது. நடைமுறையில் மனிதர்கள்தானே வாக்களிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

50 பேர் கொண்ட குழு. பெரும்பாலும் ஒவ்வொரு அணியின் ஊரிலிருந்தும் அந்த அணியை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து எழுதும் பத்திரிகையாளர்கள். பட்டியலைப் படிப்படியாகச் சுருக்கி 15-க்குக் கொண்டுவருவார்கள். உள்ளே போக 80 விழுக்காடு வாக்கு வேண்டும், அதாவது 50-ல் 40.

2025 தேர்வுக்கு விதியை இன்னும் இறுக்கினார்கள். கடைசிச் சுற்றில் 7 பேர், ஒவ்வொரு வாக்காளரும் அதில் 5 பேரைக் குறிக்கலாம். வாக்குகள் சிதறின. அந்த ஆண்டு மொத்தமே 4 பேர்தான் சேர்ந்தார்கள்.

ஓய்வு பெற்று 25 ஆண்டுகள் தாண்டியும் கிடைக்காதவர்கள் 'சீனியர்' என்ற தனிப் பட்டியலுக்குப் போவார்கள். அந்தப் பட்டியல் பெரியது, அதில் வருபவர்களுக்குக் கிடைக்கும் இடமோ ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். சீக்கிரம் ஓய்வு பெற்ற பலர் அந்த வரிசையில் போய் நின்றவர்கள்.

'சீக்கிரம்' என்றால் எந்த வயது?

இடத்தைப் பொறுத்தது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் என்றால் டாம் பிரேடி போல 45 வரைகூட ஆடலாம். பந்தை வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடும் ரன்னிங் பேக்குக்கு 30 என்பதே கிழவயது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர், சில நேரம் மூன்று பேர், அவர் மேல் வந்து விழுகிறார்கள். ஆகவே 29 வயதில் விலகும் குவார்ட்டர்பேக் உலகத்தையே அதிரவைப்பார். 30 வயதில் விலகும் ரன்னிங் பேக்கைப் பார்த்து நாட்டில் பாதிப் பேர் 'புத்திசாலி' என்பார்கள். இந்தப் பக்கத்தில் 'சீக்கிரம்' என்று நான் சொல்வது, இன்னும் நன்றாக ஆடியிருக்கக்கூடிய ஆண்டுகளை விட்டுவிட்டு வந்தவர்களை, அல்லது காயம் அந்த ஆண்டுகளைப் பறித்துக்கொண்டவர்களை.

மிகக் குறைவாக ஆடி உள்ளே போனவர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

கேல் சேயர்ஸ். சிகாகோ பேர்ஸ் அணியின் ரன்னிங் பேக். 7 பருவங்களில் 68 ஆட்டங்கள்தான். கடைசி இரண்டு பருவங்களிலும் சேர்த்து 4 ஆட்டம்.

1965 டிசம்பர் 12, அவருடைய முதல் பருவம். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு மழையில் ஊறிச் சேறாகக் கிடந்தது. மற்றவர்கள் வழுக்கி விழுந்துகொண்டிருந்த அதே தரையில் சேயர்ஸ் மட்டும் காய்ந்த மண்ணில் ஓடுவது போல ஓடினார். முதலில் ஒரு சின்ன பாஸை வாங்கி 80 யார்டு (கெஜம்) ஓடி ஒரு டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பது. பிறகு ஓட்டத்திலேயே நான்கு டச்டவுன். கடைசியில் எதிரணி உதைத்துத் தள்ளிய பந்தைப் பிடித்து 85 யார்டு. மொத்தம் 6 டச்டவுன், ஒரே ஆட்டத்தில். சான் ஃபிரான்சிஸ்கோவை 61–20 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தது 22 டச்டவுன்.

1968 நவம்பரில் வலது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அந்தக் காலத்து அறுவை சிகிச்சை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படியும் 1969-ல் திரும்பி வந்து 1,032 யார்டுகளோடு லீக்கிலேயே அதிகம் ஓடியவர் ஆனார். அடுத்து இடது முழங்கால். அத்தோடு முடிந்தது. 1977-ல், தகுதி வந்த முதல் ஆண்டிலேயே, 34 வயதில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அவரை விட இளையவர் யாரும் அந்தக் கூடத்துக்குள் சேர்ந்ததில்லை.

அவருடைய மொத்த ஓட்டம் 4,956 யார்டு. 5,000 கூட இல்லை. நீண்ட நாள் ஆடிச் சேர்த்த கூட்டுத்தொகை மட்டும்தான் தகுதி என்று யாராவது வாதிட்டால் இந்த எண்ணைக் காட்டினால் போதும்.

நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, காயம் பெரிதாக இல்லாமல், தானாக விலகியவர்கள்?

மூன்று பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் ஜிம் பிரவுன், கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ். 1957 முதல் 1965 வரை 9 பருவம், அதில் 8 பருவங்களில் லீக்கிலேயே அதிகம் ஓடியவர். முதல் 4 பருவங்கள் 12 ஆட்டங்கள் கொண்டவை, அடுத்த 5 பருவங்கள் 14 ஆட்டங்கள் கொண்டவை. கூட்டினால் 118. அவர் ஆடியதும் 118. ஒரு ஆட்டம்கூடத் தவறவிடவில்லை. அத்தனை பேர் அத்தனை தடவை அவரைக் கீழே தள்ளியும்! ஒவ்வொரு முறை பந்தை எடுத்தபோதும் சராசரி 5.2 யார்டு.

1966 கோடையில் அவர் லண்டனில் படப்பிடிப்பில் இருந்தார். மழையால் படப்பிடிப்பு தள்ளிப்போனது. பயிற்சி முகாமுக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்று அணி உரிமையாளர் ஆர்ட் மொடெல் எச்சரித்தார். பிரவுன் அங்கிருந்தே ஓய்வை அறிவித்துவிட்டார். அப்போது அவருக்கு 30 வயது, முந்தைய பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது கையில் இருந்தது. 1971-ல், முதல் வாய்ப்பிலேயே, கேன்டன் போனார்.

இரண்டாமவர் பேரி சாண்டர்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ். 10 பருவம், 15,269 யார்டு. வால்டர் பேட்டனின் அன்றைய சாதனை 16,726. இன்னும் 1,457 யார்டுதான் பாக்கி. சாண்டர்ஸுக்கு அது ஒரு பருவத்து வேலை. 1997-ல் ஒரே பருவத்தில் 2,053 யார்டு ஓடியவர் அவர். 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், தன் சொந்த ஊரான விச்சிட்டாவின் செய்தித்தாளுக்கு ஒரு ஃபாக்ஸ் அனுப்பினார். ஓய்வு. செய்தியாளர் சந்திப்பு இல்லை, கண்ணீர் இல்லை. விமானம் ஏறி லண்டன் போய்விட்டார். (பிரவுனும் லண்டன், இவரும் லண்டன். ஏனோ இது எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.)

டச்டவுன் போட்டால் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடந்து போகிற மனிதர் அவர். ஆடவும் மாட்டார், குதிக்கவும் மாட்டார். விலகியதும் அப்படியேதான். சாதனைக்காக ஒரு வருடம் கூட இருந்து போயிருக்கலாமே என்று டெட்ராய்ட் ரசிகர்கள் இன்றும் ஆதங்கப்படுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் இருந்த 10 ஆண்டுகளில் அந்த அணி பிளேஆஃபில் (பருவ முடிவில் வரும் வெளியேற்றுச் சுற்றில்) வென்றது ஒரே ஒரு ஆட்டம். 2004-ல் முதல் வாய்ப்பிலேயே அவருக்கு இடம் கிடைத்தது.

மூன்றாமவரும் அதே டெட்ராய்ட். எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் கால்வின் ஜான்சன். 2012-ல் 1,964 யார்டுக்குப் பந்து பிடித்தார். பருவம் 17 ஆட்டமாக நீண்ட பிறகும் அந்தச் சாதனை நிற்கிறது. விரல், கணுக்கால், முழங்கால் என்று உடம்பு தேய்ந்துபோய் 2016 மார்ச்சில், 30 வயதில், 9 பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். 2021-ல் முதல் வாய்ப்பிலேயே தேர்வு.

அப்படியானால் காயத்தால் முடிந்தவர்களுக்கு இன்னும் எளிதாகக் கிடைத்திருக்க வேண்டுமே?

அதுதான் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. தன் காலால் நடந்து வெளியேறியவர்களை முதல் நாளே வரவேற்றார்கள். தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்களை வாசலில் காக்கவைத்தார்கள். சேயர்ஸ் மாதிரி விதிவிலக்கு உண்டு, ஆனால் மற்றவர்களைப் பாருங்கள்.

டெரல் டேவிஸ், டென்வர் பிராங்கோஸ். 1995-ல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், 196-வது ஆளாகத் தேர்வானவர், அதாவது யாரும் பெரிதாக எதிர்பார்க்காதவர். 1998 ஜனவரியில் சான் டியேகோவில் நடந்த சூப்பர் பவுலை, அதாவது லீக்கின் இறுதி ஆட்டத்தை, மறக்க முடியாது. முதல் காற்பகுதியில் தலையில் அடிபட்டதும் அவருக்கு ஒற்றைத் தலைவலி வந்து கண் மங்கிவிட்டது. இரண்டாவது காற்பகுதி முழுக்க ஓரத்தில். ஒரே ஒரு நகர்வுக்கு மட்டும் பயிற்சியாளர் மைக் ஷானஹன் அவரை உள்ளே அனுப்பினார். எல்லைக் கோட்டுக்கு அருகில் ஒரு ஏமாற்று ஓட்டம் திட்டமிட்டிருந்தார்கள், டேவிஸ் களத்தில் இல்லையென்றால் எதிரணி நம்பாது. கண் சரியாகத் தெரியாமலே போய் பந்து தன்னிடம் இருப்பது போல நடித்தார். பந்தை வைத்திருந்த ஜான் எல்வே தானே ஓடி டச்டவுன் எடுத்தார். இடைவேளைக்குப் பிறகு பார்வை திரும்பியது. டேவிஸ் 157 யார்டு, 3 டச்டவுன் எடுத்து ஆட்ட நாயகன் விருதோடு முடித்தார்.

1998 பருவத்தில் 2,008 யார்டு. 1999-ன் நான்காவது ஆட்டத்தில், எதிரணி பறித்த பந்தைத் தடுக்கப் போன இடத்தில், சொந்த அணிக்காரர் காலில் வந்து மோத, வலது முழங்கால் போனது. மொத்தம் 78 ஆட்டங்கள். 2007-ல் தகுதி வந்தது. கிடைத்தது 2017-ல். பிளேஆஃபில் 8 ஆட்டங்களில் 1,140 யார்டு ஓடிய ஒருவருக்கு 10 ஆண்டுகள் 'கொஞ்சம் குறைவாக ஆடிவிட்டாரே' என்ற பதில்!

அதே 2017 வரிசையில் இன்னொரு முகம் கென்னி ஈஸ்லி, சியாட்டில் சீஹாக்ஸ். 1984-ன் சிறந்த தடுப்பாட்டக்காரர். 1988-ல் வேறு அணிக்கு மாற்றும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் சிறுநீரகங்கள் பழுதாகியிருப்பது தெரிந்தது. 7 பருவத்தோடு ஆட்டம் நின்றது. 1990-ல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கேன்டனிலிருந்து அழைப்பு வந்தது கடைசி ஆட்டம் முடிந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து, சீனியர் பட்டியல் வழியாக.

ஸ்டெர்லிங் ஷார்ப்பின் கதை அதைவிட நீளம். கிரீன் பே பேக்கர்ஸ் ரிசீவர். 1992-ல் 108 பந்து பிடித்து லீக் சாதனை, அடுத்த ஆண்டே 112 பிடித்துத் தன் சாதனையைத் தானே முறியடித்தார். 1994-ல் 18 டச்டவுன். 7 பருவங்களில் ஒரு ஆட்டம்கூடத் தவறவிடாதவர், அந்த 1994-ன் இறுதியில் கழுத்து எலும்பில் பிரச்சினை என்று தெரிந்து நிரந்தரமாக நின்றுவிட்டார். இரண்டே ஆண்டில் அவருடைய அணி சூப்பர் பவுல் வென்றது, அவர் இல்லாமல்.

அவர் தம்பி ஷனன் ஷார்ப்பும் பெரிய ஆட்டக்காரர். தான் வென்ற முதல் சூப்பர் பவுல் மோதிரத்தை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். 2011-ல் ஷனன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தபோது, இங்கே இருப்பவர்களில் தன் வீட்டிலேயே இரண்டாவது இடத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்று மேடையிலேயே சொன்னார். அண்ணனுக்காக ஓட்டுக் கேட்பது போலத்தான் இருந்தது அந்தப் பேச்சு. அதற்குப் பிறகும் 14 ஆண்டுகள் ஆயின. 2025-ல் ஸ்டெர்லிங் சேர்ந்தார். இருவரும் ஆட்டக்காரர்களாக உள்ளே போன முதல் உடன்பிறப்புகள்.

ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரரான டோனி பொசெலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோள்பட்டைக் காயம், 91 ஆட்டம், 2022 வரை காத்திருப்பு. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையில் நிற்கிறவருக்கு யார்டு கணக்கோ டச்டவுன் கணக்கோ கிடையாது, அதனால் வாதாடுவது இன்னும் கடினம்.

ஏன் இப்படி? நான் புரிந்துகொண்ட வரை, 9, 10 பருவம் ஆடியவர்களுக்கு எண்களும் இருந்தன, உச்சமும் இருந்தது. 7 பருவத்தில் நின்றவர்களுக்கு உச்சம் மட்டும் இருந்தது. எண்கள் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே இடம் என்றால், வாக்காளர் எண்கள் உள்ளவரைக் குறித்துவிட்டு 'இவர் அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்கிறார். அந்த அடுத்த ஆண்டு 10 முறை வரும்.

லூக் கீக்லியும் பேட்ரிக் வில்லிஸும் எந்தப் பக்கம்?

நடுவில். இருவரும் லைன்பேக்கர்கள், தடுப்பாட்டத்தின் நடுவில் நின்று மற்றவர்களை வழிநடத்துகிறவர்கள். இருவரும் 8 பருவம், இருவருக்கும் 7 ப்ரோ பவுல், 5 முறை ஆல்-ப்ரோ முதல் அணி. (ப்ரோ பவுல் என்பது அந்தப் பருவத்தின் நட்சத்திரங்களுக்கான தேர்வு. ஆல்-ப்ரோ என்பது லீக் முழுவதிலும் அந்தந்த இடத்தில் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்தவர் என்ற தேர்வு. வாக்காளர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.)

சான் ஃபிரான்சிஸ்கோவின் வில்லிஸ் பாதங்களின் வலி தாங்காமல் 2015 மார்ச்சில் 30 வயதில் விலகினார். 2020-ல் தகுதி, 2024-ல் தேர்வு.

கரோலைனா பேந்தர்ஸின் கீக்லியைப் பற்றி எழுதும்போது 2016 நவம்பர் 17 கண் முன்னால் வருகிறது. வியாழக்கிழமை இரவு ஆட்டம். ஒரு மோதலுக்குப் பிறகு அவரை வண்டியில் உட்காரவைத்து வெளியே கொண்டுபோனார்கள். எதிரணி அடுத்து என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே கத்திச் சொல்லும் அந்த மனிதர், வண்டியில் மூச்சு வாங்கி வாங்கி அழுதுகொண்டிருந்தார். கை கால் உடைந்தவரின் அழுகை அல்ல அது. தலையில் அடிபட்டதால் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் வந்த அழுகை. 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டும் அவருக்குத் தலைக்காயம். 2020 ஜனவரியில், 28 வயதில், இன்னும் ஆட ஆசைதான், ஆனால் அது சரியான முடிவாக இருக்காது என்று சொல்லி விலகினார்.

2025-ல் முதல் வாய்ப்பிலேயே கடைசி 7 பேர் வரை வந்தார், கிடைக்கவில்லை. 2026-ல் கிடைத்தது. ஒரே ஒரு ஆண்டுக் காத்திருப்பு. டேவிஸுக்கும் ஷார்ப்புக்கும் நடந்ததைப் பார்த்தால் குழு மாறிவருகிறது என்று நம்பத் தோன்றுகிறது.

ஆண்ட்ரூ லக்குக்குக் கிடைக்குமா?

மனம் கிடைக்க வேண்டும் என்கிறது. கணக்கு இல்லை என்கிறது.

2012 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வாகி இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு வந்தவர். தோள்பட்டை, கிழிந்த சிறுநீரகம், விலா எலும்பு, கெண்டைக்கால் என்று வரிசையாக அடி. 2017 முழுப் பருவமும் போனது. 2018-ல் திரும்பி வந்து அருமையாக ஆடினார். 2019 ஆகஸ்ட் 24, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்று. லக் ஆடவில்லை, ஓரத்தில் சாதாரண உடையில் நின்றிருந்தார். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தி ஆட்டம் நடக்கும்போதே கசிந்து, அரங்கில் இருந்தவர்கள் கைபேசியில் படித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்து அவர் உள்ளே நடந்தபோது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு இகழ்ந்தார்கள். அவருக்கு அப்போது 29 வயது. சில நிமிடங்கள் கழித்துச் செய்தியாளர்கள் முன்னால் நின்று, காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்ற சுழற்சி ஆட்டத்தின் மகிழ்ச்சியையே எடுத்துவிட்டது என்று தொண்டை அடைக்கச் சொன்னார். அன்று கூச்சலிட்டவர்களை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஆனால் 86 ஆட்டம், 4 ப்ரோ பவுல், ஆல்-ப்ரோ முதல் அணியில் ஒரு முறைகூட இல்லை, சூப்பர் பவுலும் இல்லை. குறைவாக ஆடி உள்ளே போனவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் ஆண்டிலாவது லீக்கிலேயே சிறந்தவர் என்று பெயர் வாங்கியவர்கள். லக் அந்த இடத்தை எட்டும் முன்பே உடம்பு கைவிட்டது. அவர் இப்போது தான் படித்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்குப் பொது மேலாளர்.

போ ஜாக்சன்?

இல்லை, கிடைக்கவும் கிடைக்காது. பேஸ்பாலிலும் ஃபுட்பாலிலும் நட்சத்திரமாக இருந்த அதிசய மனிதர். பேஸ்பால் பருவம் முடிந்துதான் ரெய்டர்ஸ் அணிக்கு வருவார், ஆகவே எந்தப் பருவமும் முழுசாக இல்லை. 1991 ஜனவரியில் இடுப்பு மூட்டு போனது. மொத்தம் 38 ஆட்டம். பார்த்தவர்கள் அவரை மறக்கவே மாட்டார்கள். 68-க்கும் 38-க்கும் நடுவில் எங்கோ ஒரு கோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

உச்சத்தில் விலகினால் மதிப்புக் கூடும் என்கிறார்களே?

விலகுவதால் மட்டும் எதுவும் கூடாது. மின்னசோட்டாவின் ராபர்ட் ஸ்மித் 2000 பருவத்தில் 1,521 யார்டு ஓடிவிட்டு, 28 வயதில் கை நிறையப் பணம் காத்திருக்கும்போதே விலகினார். நியூயார்க் ஜயன்ட்ஸின் டிக்கி பார்பர் 2006 முடிவில், 10,449 யார்டோடு, 31 வயதில் போனார். அடுத்த பருவமே ஜயன்ட்ஸ் சூப்பர் பவுல் வென்றது. இருவரும் கேன்டனில் இல்லை. இன்னும் இரண்டு மூன்று நல்ல பருவங்கள் ஆடியிருந்தால் பார்பருக்குக் கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

சூப்பர் பவுல் வென்றிருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சாண்டர்ஸ், கீக்லி, வில்லிஸ் யாரும் வென்றதில்லை. கால்வின் ஜான்சன் பிளேஆஃபில் ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. ஆனால் டேவிஸைக் கடைசியில் உள்ளே இழுத்துப் போட்டது பிளேஆஃப் ஆட்டங்கள்தான்.

ஓய்வு பெற்றுவிட்டுத் திரும்பி வந்து ஆடினால்?

5 ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ராப் கிரான்கவ்ஸ்கி 2019-ல் 29 வயதில் விலகினார், 2020-ல் டாம்பாவுக்கு வந்து இன்னொரு சூப்பர் பவுல் வென்றார், 2022-ல் மறுபடி விலகினார். அதனால் அவர் பெயர் 2027 தேர்வுக்குத்தான் வரும். அவருக்குக் கிடைப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முன்கூட்டியே வாங்கிய போனஸ் பணத்தை என்ன செய்வார்கள்?

ஒப்பந்தக் காலத்துக்கு முன்னால் விலகினால் மீதி ஆண்டுகளுக்கான பங்கை அணி திருப்பிக் கேட்கலாம். கேட்பதும் கேட்காததும் அணியின் மனசு. டெட்ராய்ட் சாண்டர்ஸிடமும் கேட்டது, கால்வின் ஜான்சனிடமும் கேட்டது. ஜான்சன் பத்து லட்சம் டாலருக்குக் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த வருத்தத்தில் அணியோடு பல ஆண்டுகள் ஒட்டாமலே இருந்தார். இண்டியானாபோலிஸ் லக்கிடம் கேட்கவில்லை. ஏறக்குறைய 2.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்தது. ஒரு அணி தன் ஆட்டக்காரரை எப்படி வழியனுப்ப வேண்டும் என்று கேட்டால் நான் இந்த அணியைத்தான் காட்டுவேன்.

தலைக்காயம் பற்றிய பயம்தான் இப்போது காரணமா?

பலருக்கு அதுவும் ஒரு காரணம். பிட்ஸ்பர்க்கின் மைக் வெப்ஸ்டர் 1997-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தவர், 17 பருவம் ஆடியவர். 2002-ல் 50 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறி, தூக்கமில்லாமல், இருக்க வீடில்லாமல் வண்டியில் படுத்திருந்திருக்கிறார். மருத்துவர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற சிதைவைக் கண்டார். 2017-ல் பாஸ்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்த 111 முன்னாள் என்எஃப்எல் ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110-ல் அது இருந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அறிகுறிகளைப் பார்த்துக் கவலைப்பட்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் தந்தன, ஆகவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த எந்தத் தாயும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டாள்.

வில்லிஸ் விலகிய அதே 2015 மார்ச்சில், அதே அணியின் இன்னொரு லைன்பேக்கர் கிறிஸ் போர்லண்ட், ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, 24 வயதில், மூளைக்கு ஆபத்து என்று படித்துத் தெரிந்துகொண்டு நிறுத்தினார். போனஸில் நாலில் மூன்று பங்கைத் திருப்பிக் கொடுத்தார். அவர் பெயர் கேன்டனில் ஒருபோதும் வராது. இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லோரையும் போலவே அவரையும் நான் மதிக்கிறேன்.

அடுத்து வரப்போகிறவர் யார்?

ஆரன் டோனல்ட். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் தடுப்பாட்டக்காரர், 2024 மார்ச்சில் 32 வயதில் விலகினார். 10 பருவம், பத்திலும் ப்ரோ பவுல். 8 முறை ஆல்-ப்ரோ முதல் அணி. லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை. 2022 பிப்ரவரி சூப்பர் பவுலின் கடைசி நிமிடத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பிடித்துச் சுழற்றி ஆட்டத்தை முடித்துவைத்துவிட்டு, தன் மோதிர விரலைச் சுட்டிக்காட்டிக்கொண்டே ஓடினாரே, அவர்தான். 2029-ல் அவர் பெயர் வரும்போது அந்த 50 பேருக்கு விவாதிக்க எதுவும் இருக்காது.